நாலாம் புத்தகத்தில் ஒரு பெடியன்

அத்தியாயம் 17

போன வாரம் துஷாந்தியை மாடிப்படியில் விட்டுவிட்டுப் போய்விட்டேன். கையில் கனடாப் பார்சல் இருந்தது. ஒரு பிள்ளையை ஏழு நாள் படியில் நிறுத்தி வைப்பது நியாயமா என்று பம்பலப்பிட்டி வாசகி ஒருவர் திட்டி எழுதியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். கதையில் இரண்டு நாள்தான் கழிந்திருக்கிறது. இன்று சனிக்கிழமை. துஷாந்தி குளித்து, தலை துவட்டி, குசினி வாசலில் நிற்கிறாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கை, அதில் மூன்றாம் மாடி. சரோஜினிதேவி முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் கனகசபாபதி ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டொரொன்டோவில் இருக்கும் மைத்துனிக்கு ஓர் எயர்லெற்றர் எழுதுவார். அதைத் தவிர இந்தக் கதையில் அவருக்கு நான் இன்னும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

துஷாந்தி ஒரே மகள், இருபத்திரண்டு வயது, கணக்கியல் படிக்கிறாள். அந்த மைத்துனி, அதாவது துஷாந்தியின் பெரியம்மா ஜெகதீஸ்வரி, அங்கிருந்து ஒரு சம்பந்தம் பேசியிருக்கிறார். மாப்பிள்ளை சிவபாலன், பொறியியலாளர், குடி வெறி ஒன்றும் இல்லாத நல்ல பிள்ளை. அவருடைய படம் நாலு வாரமாக டிவிக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கிறது. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று துஷாந்தி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்று மாலை ஐந்தரைக்குப் பெரியம்மா டெலிபோனில் கோல் எடுப்பார். இனித் தள்ள முடியாது.

அவள் ஏன் தள்ளுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இருந்து தினமும் பஸ் ஏறி வந்து, காலி வீதியில் மஷூர் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்யும் கோகிலவாணிதான் காரணம். இரண்டு வருடமாகத் துஷாந்திக்கு அவளைத் தவிர வேறு நினைவில்லை. கோகிலவாணிக்கும் அப்படியே. ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டது ஒன்பதாம் அத்தியாயத்தில். வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை.

"இஞ்ச பார்," என்றார் சரோஜினிதேவி. பிட்டுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்தார். படியில் வழுக்கி விழுந்ததில் அடிபட்ட வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. "இந்தப் புத்தகம் சரியில்லை. இதில ஒரு பெடியன் இருக்கிறான்."

துஷாந்தி எட்டிப் பார்த்தாள். கனடாப் பார்சலில் வந்த நாலாம் புத்தகம்.

இந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளம் ஆட்களுக்காக ஆங்கிலத்தில் வந்துகொண்டிருக்கும் ஒரு தொடர். படகுத்துறை உள்ள ஒரு குளிர் ஊர். நோரா படகுக்கு டிக்கெட் கொடுப்பவள், பெத் சைக்கிள் திருத்துபவள். இரண்டு பெண்களும் ஒருவரில் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். மூன்று புத்தகமாக இதுதான் கதை, எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பெரியம்மா ஒவ்வொன்றாக வாங்கிக் கடல் தபாலில் போடுவார். பால்மாவும் சொக்லேட்டும் வரும் பார்சலுக்குள், போர்வையில் சுற்றி நோராவும் பெத்தும் வந்து இறங்குவார்கள்.

வீட்டுக்குள் வரும் புத்தகத்தை முதலில் அம்மா பார்ப்பார். அதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைகளைக் கெடுப்பது காதல் கதை. காதல் கதை என்றால் ஒரு பெடியன் வேண்டும். ஆகவே பெடியன் இல்லாத புத்தகம் நல்ல புத்தகம். நோராவின் முதல் புத்தகத்தைத் தட்டிப் பார்த்தார், ஓர் ஆண்பிள்ளையின் பெயர்கூட அகப்படவில்லை. மகளிடம் கொடுத்தது மட்டுமல்ல, கீழ்மாடித் திருமதி இரத்தினசிங்கத்திடம் உங்கள் மகள்மார் இருவருக்கும் கொடுங்கள், நல்ல ஒழுக்கமான கதை என்று சிபாரிசும் செய்தார். அந்தப் பிள்ளைகள் மூன்று புத்தகத்தையும் நாலு தரம் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது நாலாவதில் ஒரு பெடியன் வந்துவிட்டான்.

வேறு தாய் என்றால் புத்தகத்தை அலுமாரியில் பூட்டியிருப்பார். சரோஜினிதேவி அதை மேசையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். அது துஷாந்திக்கு விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் யோசிக்க நேரம் இல்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மஷூர் நானாவின் கடைக்கு ஓடினாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் அம்மாவின் கையை விட்டு வந்த அன்றே கோகிலவாணி ஒரு பிரதி எடுத்து, ஊசி நூலால் தைத்து, நீல மட்டை போடுவாள். ஒன்று வெள்ளவத்தையில், ஒன்று கொட்டாஞ்சேனையில். நாளுக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் ஒருவரும் முந்தக்கூடாது.

கடை மெஷின் தாளை முகம் மேலே பார்க்கத் தள்ளும். முதல் பக்கத்தில் தொடங்கினால் பக்க வரிசை தலைகீழாக வந்து சேரும். அதனால் கோகிலவாணி எதையும் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் எடுப்பாள். முதல் மூன்று புத்தகத்தையும், முடிவு கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டே எடுத்தவள். இன்று கடைசிப் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பென்சிலால், இடது கை எழுத்தில், 'ஏன்?' என்று கேட்டிருந்தது. அதைப் பார்த்தால் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மெஷின் நின்றது.

"கல்யாணம் பண்ணிக்கிட்டா," என்றாள் கோகிலவாணி.

"ஆர்?"

"நோராதான். டேனியல்னு ஒருத்தன், மாட்டு டாக்டராம். பெத் பையைத் தூக்கிக்கிட்டுப் படகுல ஏறிப் போயிட்டா. அவளுக்கு ரெண்டே வரி."

துஷாந்தி புத்தகத்தை வாங்கி நின்றபடியே வாசித்தாள். உண்மைதான். மூன்று புத்தகமாக மழையில் நனைந்து, ஊர் வாயெல்லாம் கேட்டு, ஒருத்தியை ஒருத்தி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களை, எழுதியவரே இருபது பக்கத்தில் பிரித்துப்போட்டுவிட்டார். சண்டைகூட இல்லை. எழுதக் களைத்துப்போன மாதிரி இருந்தது.

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கும் உரிமை இல்லை. ஆறாம் அத்தியாயத்தில் கனகசபாபதிக்கு இனிப்பே கூடாத சீனி வருத்தம் என்று எழுதிவிட்டு, எட்டாம் அத்தியாயத்தில் அவருக்கு இரண்டு கிண்ணம் பாயாசம் கொடுத்தது இதே பேனைதான். ஆனால் பாயாசம் வேறு, இது வேறு.

கோகிலவாணி எடுத்த தாள்களை ஒதுக்கி வைத்தாள். இதற்கு மேல் பேப்பரை வீணாக்க வேண்டாம் என்றாள். பிறகு, யாருக்கோ சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"எழுதுறவங்களுக்கே வேற வழி தெரியல, துஷா. நமக்கு மட்டும் எங்க தெரியப்போகுது? அந்த சிவபாலனுக்குச் சரின்னு சொல்லிடு. எங்கப்பா அத்தை வீட்டுக்கு ஹட்டனுக்குப் போகச் சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் போயிடறேன்."

"அது வெறும் கதையப்பா."

"மூணு புத்தகமா அது வெறும் கதைன்னு நீ சொல்லலையே."

துஷாந்தி புத்தகத்தை மூடிப் பையில் போட்டாள். அழுகை வந்தது. கடையில் பரீட்சைப் பேப்பர் பிரதி எடுக்க வந்த பெடியள் நின்றதால் அதை விழுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் கடை டெலிபோன் அடித்தது. மஷூர் நானா எடுத்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, டீச்சர் பேசுகிறார் என்றார். கோயிலால் திரும்பி வந்த சரோஜினிதேவி கடைக்கே கோல் எடுத்திருந்தார். துஷாந்தி வீட்டுக்கு வரும்போது கோகிலவாணியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும், ஒரு முக்கியமான கடிதம் எழுத வேண்டும், தனக்குக் கை ஏலாது, மகளின் எழுத்துக் கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கோகிலவாணி மெஷின் மூடியை இறக்கினாள். சிவபாலன் வீட்டுக்குச் சம்மதக் கடிதமாகத்தான் இருக்கும் என்று துஷாந்தி நினைத்தாள். அதைக் கோகிலவாணியின் கையாலேயே எழுத வைக்கப்போகிறாரே.

"போங்க மகள்," என்றார் மஷூர் நானா. "டீச்சர் கூப்பிட்டா போகாம ஈக்க ஏலாது. எனக்கும் அவதானே படிச்சுத் தந்த."

ஒழுங்கை முகப்பில் சோதனைச் சாவடி. கோகிலவாணியின் அடையாள அட்டையில் ஹட்டன் விலாசம் இருப்பதால் எப்போதும் இரண்டு கேள்வி கூட வரும். எங்கே போகிறாய் என்று சிப்பாய் கேட்டான். "யாளுவாகே கெதரட்ட," என்றாள் அவள். சிநேகிதி வீட்டுக்கு. சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். இன்றோடு அந்தப் பதிலைச் சொல்வதும் கடைசியோ என்று இருவரும் நினைத்தார்கள்.

வீட்டில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மேசையில் கோடு போட்ட கடதாசி, புதுப் பேனை. கனகசபாபதி ஜன்னலோரம் ரேடியோவோடு இருந்தார். நேரம் நாலே முக்கால்.

"இரு பிள்ளை," என்று கோகிலவாணிக்குக் கதிரையை இழுத்துவிட்டார் சரோஜினிதேவி. "இங்கிலீசில சொல்லுவன். முற்றுப்புள்ளி எங்க வருமெண்டும் சொல்லுவன். நீ எழுது. துஷா, நீ அங்கால நில்லாமல் இஞ்ச வந்து இரு."

"யாருக்குங்க ஆன்ட்டி?"

"இந்த நாலாம் புத்தகத்தை எழுதின மனுசிக்கு."

துஷாந்தி பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

அம்மா ஆங்கிலத்தில் சொன்னதை நான் உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

'அன்புள்ள அம்மணி, நான் கொழும்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிழை கண்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாதவள். முதல் புத்தகத்தில் பெத் இடக்கைக்காரி. நாலாவதில் வலக்கையால் ஆணி முடுக்குகிறாள். கை மாறியதற்குக் காரணம் சொல்லப்படவில்லை. நாயின் பெயரும் மாறியிருக்கிறது. இவற்றை மன்னிக்கலாம்.'

கோகிலவாணியின் பேனை ஓடியது. அவளுடைய எழுத்துக் குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி இருக்கும்.

'நான் முதலில் உங்கள் புத்தகங்களை வாசிக்கவில்லை, தட்டித்தான் பார்த்தேன். போன வைகாசியில் இராணுவச் சோதனையால் எங்கள் வீதி இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. பொழுது போகவில்லை. மூன்றாம் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். பிறகு மற்ற இரண்டையும் எடுத்து வாசித்தேன்.'

துஷாந்தியின் காது சுட்டது. மூன்றாம் புத்தகத்தில்தான் படகுத்துறை விளக்கின் கீழ் நோரா பெத்துக்கு முத்தம் கொடுக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு பூவிதழ் வைத்து மூடியவளே இவள்தான். வைகாசி போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதமாக அம்மா அதை அறிந்துகொண்டு பிட்டு அவித்திருக்கிறார், தலை பின்னிவிட்டிருக்கிறார், கோகிலவாணி வந்தால் ஒரு முட்டை கூடப் பொரித்திருக்கிறார்.

சரோஜினிதேவி மகளைப் பார்க்கவில்லை. கடதாசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

'உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம் வந்தது. இரண்டு கிழமை நித்திரை இல்லை. பிறகு நோராவையும் பெத்தையும் திரும்ப வாசித்தேன். இருவரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருந்தார்கள். என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தானாகப் போய்விட்டது. இப்போது நாலாவதில் டேனியல் என்று ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அவரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நோரா அவரை ஏன் கட்டினாள்? விருப்பம் என்று ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. எல்லோரும் கேட்டார்கள், கட்டினாள். அது மாட்டு வைத்தியருக்கும் செய்த அநியாயம்.'

டிவிக்கு மேலே சிவபாலன் சிரித்துக்கொண்டிருந்தார்.

'எனக்கு மிகப் பெரிய வருத்தம் நோராவின் தாயைப் பற்றியது. நாலு புத்தகமாக அந்த மனுசியை அடுப்படியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவருக்குக் கண் இல்லையா? மகள் யாருடைய சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? ஒருநாள் அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க உங்களுக்கும் தோன்றவில்லை, நோராவுக்கும் தோன்றவில்லை. கத்தியிருப்பார், அழுதிருப்பார். ஆனால் பிள்ளையைப் படகில் ஏற விட்டிருக்க மாட்டார்.'

பேனை நின்றுவிட்டது. கோகிலவாணியின் கண்ணீர் கடதாசியில் ஒரு சொட்டு விழுந்து, 'மதர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மை பரவியது.

"எழுது பிள்ளை," என்றார் சரோஜினிதேவி. "கடைசி வரி ஒண்டு இருக்குது. 'அஞ்சாம் புத்தகத்தில் பெத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.' முற்றுப்புள்ளி."

"அம்மா," என்றாள் துஷாந்தி. அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயதில் இவ்வளவு பாரம் ஒரே மூச்சில் இறங்கியது இன்றுதான்.

"கை நோகுதடி," என்றார் அம்மா. ஆனால் கையை எடுக்கவில்லை.

ஐந்தரைக்கு டெலிபோன் அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நீ எடுக்கிறாயா, நான் எடுக்கட்டோ என்று அம்மா கேட்டார். துஷாந்தி எழுந்து போனாள். பெரியம்மா அங்கே காலைக் கோப்பியோடு இருந்தார். சுகம் விசாரித்தார், மழையா என்று கேட்டார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு வேண்டாம், பெரியம்மா," என்றாள் துஷாந்தி. "அவரில ஒரு பிழையும் இல்லை. நான் ஓமெண்டு சொன்னா அது அவருக்குச் செய்யுற அநியாயம். என்ர மனம் இஞ்ச ஒரு ஆளிட்ட இருக்குது."

சொல்லிவிட்டாள். நாலு வாரமாகத் தொண்டையில் நின்றது ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. இனி இடி விழுகிறதென்றால் விழட்டும் என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

அந்தப் பக்கம் பெரியம்மா பேசினார், துஷாந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய முகம் மாறுவதைப் பார்த்துக் கோகிலவாணி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். ரிசீவரை வைத்துவிட்டுத் துஷாந்தி திரும்பினாள்.

"சரியாம். சிவபாலன் வீட்டுக்குத் தான் சொல்லிக்கொள்ளுறாவாம். நாலாவது கப்பலில வாறதுக்கிடையில அஞ்சாவதும் வந்திட்டுதாம். பதினாலாம் திகதி கொழும்புக்கு வரேக்க தானே கொண்டுவாறாவாம்." மூச்சு எடுத்துக்கொண்டாள். "ரெண்டு வாங்கினவவாம். ஒண்டு எனக்கு, மற்றது கோகிலவாணிக்கு."

"என் பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கோகிலவாணி.

இரண்டு பிள்ளைகளும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் சொல்லேல்லை," என்றார் சரோஜினிதேவி. "நீ என்ன சொல்லப்போறியோ எண்டு நானே நெஞ்சிடியோட இருந்தனான்."

ஜன்னலோரம் ரேடியோ நின்றது. கனகசபாபதி கதிரையை விட்டு எழுந்து வந்தார். டிவிக்கு மேலே இருந்த படத்தை எடுத்து, சாரத் தலைப்பால் தூசி துடைத்து, அது வந்த உறையிலேயே கவனமாகப் போட்டார்.

"நான்தான் எழுதினனான்," என்றார். "போன மாதம். இது நல்ல பெடியன், அங்க வைச்சுக் காக்க வைக்கக் கூடாது எண்டு. எங்கட வீட்டில அந்த இடத்துக்கு ஆள் இருக்குது, பேர் கோகிலவாணி எண்டு."

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினாறு அத்தியாயமாக அந்த மனிதரை நான் ரேடியோவோடு விட்டுவிட்டேன். வாசகர்கள் நீங்களும் ஒருவர்கூட அவரைப் பற்றிக் கேட்கவில்லை. சரோஜினிதேவி கணவரை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும், மனைவி அறியாமல் அந்த ஒரு கடிதம் தபாலுக்குப் போயிருக்கிறது. கோபப்படத்தான் நினைத்தார், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. துஷாந்தியும் அழுதுகொண்டே சிரித்தாள்.

கோகிலவாணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழுதிய கடிதத்தை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். கொச்சிக்கடைப் பண்டகசாலையில் மூட்டை இறக்கிவிட்டு, ஆறரை மணிக்குப் பஸ் தரிப்பில் மகளுக்காகக் காத்து நிற்கும் தன் அப்பா சங்கிலியை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஹட்டன் பஸ் நேரம்கூட விசாரித்து வைத்துவிட்டார்.

"இந்த வீட்டுல எல்லாருக்கும் யாராச்சும் லெட்டர் எழுதிட்டீங்க," என்றாள். "எங்கப்பாவுக்கு யாருங்க எழுதுவாங்க?"

சரோஜினிதேவி பேனையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"அவருக்கு எழுதக் கூடாது, பிள்ளை," என்றார் கனகசபாபதி. "அவருக்கு முன்னால போய் இருந்து கதைக்கோணும்." மனைவியின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஞாயிறுதானே. என்ர வெள்ளைச் சேட்டை எடுத்து அயன் பண்ணி வையப்பா. கொட்டாஞ்சேனைக்கு நானும் நீயும் போவம்."